பிரெஞ்சுக்காரியின் மூன்றாம் கை

என் சித்திக்கு அரங்கத்தில் ஏணியம்மா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் வாசல் காவலாளி, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அந்த நாடக அரங்கத்தில் எங்கே ஒரு பல்பு அணைந்தாலும், தோளில் ஏணியும் இடுப்பில் ஸ்குரூ டிரைவருமாக வந்து நிற்பவள் அவள்தான்.

வேலைக்குச் சேர்ந்த கதையை அவளே சொல்லிக் கேட்க வேண்டும். எலக்ட்ரீஷியன் படிப்பில் அந்த வருடம் அவள் ஒருத்திதான் பெண். நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்து அவளை மேலும் கீழும் பார்த்திருக்கிறார்கள். ஒருவர், "ஏணி ஏறுவியாம்மா?" என்று கேட்டார்.

"ஏறுவேன் சார். இறங்கவும் தெரியும்."

வேலை கிடைத்துவிட்டது. சேர்ந்த எட்டாம் நாள், இறங்கத் தெரியும் என்று சொன்னவள் மூன்றாவது படியிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். பல் டாக்டர் அளவெடுத்து, பீங்கான் பல் செய்கிற ஓர் இளைஞரிடம் அனுப்பினார். நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அந்த இளைஞர் மூன்று முறை வரச் சொன்னார். நான்காவது முறை அவர் வரச் சொன்னதற்குப் பல் காரணமில்லை என்பது சித்திக்கே தெரிந்துவிட்டது. அவர்தான் என் சித்தப்பா.

"நான் செஞ்சதிலேயே நல்ல பல் அதுதான். ஆனா அதுதான் தினமும் என்னைக் கடிக்குது" என்பார்.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, அம்மா "இனிமே என்ன பண்றதா உத்தேசம்?" என்று மூன்று வேளையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சித்தி அதைக் கேட்கவில்லை. "ஏணியைப் பிடிப்பியா?" என்று மட்டும் கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே எழுதுவதெல்லாம் ஏணியின் அடியில் நின்று நான் பார்த்தவை.

அரங்கத்தின் முன்கூடத்தில் ஒரு சரவிளக்கு தொங்குகிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் பிரான்சில் செய்தது. அரங்கத்தைக் கட்டிய வணிகர், தன் வீட்டுக்கென்று வாங்கி, வீட்டுக்கூரை தாங்காது என்று தெரிந்த பிறகு இங்கே கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். தங்க முலாம் பூசிய வெண்கலத்தில் ஒரு தண்டு, அதிலிருந்து கொடிபோல வளைந்து பிரியும் எட்டுக் கைகள். ஒவ்வொரு கையிலும் மூன்று விளக்குக் கிண்ணம். முன்பு மெழுகுவர்த்தி நின்ற கிண்ணத்தில் இப்போது பல்பு. கைகளின் அடிப்பக்கம் முழுக்கப் பீங்கான் பூக்கள்: ரோஜா, நீலப்பூ, பெயர் தெரியாத மஞ்சள் பூ. கைக்கு ஒன்பது வீதம் எழுபத்திரண்டு. ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் பித்தளைக் கம்பியில் ஒரு காம்பு, அந்தக் காம்பு இறங்குவதற்கு வெண்கலத்தில் ஒரு துளை. பெரிய பூவுக்குத் தடித்த காம்பு, சின்னதுக்கு ஊசி மாதிரி. எந்த இரண்டு கையிலும் பூக்களின் வரிசை ஒன்றாக இருக்காது.

அரங்கத்தில் எல்லோரும் அதைப் பிரெஞ்சுக்காரி என்றுதான் சொல்வார்கள். "பிரெஞ்சுக்காரிக்கு இன்னிக்கு ரெண்டு கண்ணு போச்சு" என்றால் இரண்டு பல்பு அணைந்துவிட்டது என்று பொருள். சித்தி அன்று வீட்டுக்குத் தாமதமாக வருவாள். சித்தப்பா கதவைத் திறந்துகொண்டே, "என்ன, அவளைத் தூங்க வச்சுட்டு வந்தியா?" என்று கேட்பார்.

எழுபத்திரண்டு பூவில் நாற்பத்தொன்றுதான் விளக்கில் மிச்சம் இருந்தன. பழைய கம்பி இற்றுப்போய் வருடத்துக்கு ஒன்றிரண்டாக உதிர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. விழுந்ததை யாரும் குப்பையில் போடக்கூடாது என்று பெருக்குகிறவர்களிடம் சித்தி சொல்லி வைத்திருந்தாள். ஒரு இதழ் விழுந்தால்கூட அவள் கைக்கு வந்துவிடும். வீட்டு அலமாரியில் பிஸ்கட் டப்பாக்கள் ஏழு இருந்தன. முதல் நாள் பசியில் நான் ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே பஞ்சில் சுற்றிய பீங்கான் துண்டுகள். ஏழிலும் அதேதான்.

"பிஸ்கட் எங்க சித்தி?"

"சமையலறையில, அரிசி டப்பால."

விஷயம் தொடங்கியது ஒரு கொண்டையில். ஓர் இடைவேளையில் ஒரு ரோஜா இதழ் கழன்று, கீழே நின்று காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் கொண்டையில் போய்ச் செருகிக்கொண்டது. அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் குத்தியிருக்கிறது. மறுநாள் இதழைக் கடிதத்தோடு இணைத்து அரங்க மேலாளருக்கு அனுப்பிவிட்டார்.

மேலாளர் புதிதாக வந்தவர். சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருப்பார், நான்கும் எழுதும். கெட்டவர் இல்லை. கடிதம் வந்தால் பதில் எழுதாமல் இருக்க முடியாதவர். ஒரு பழம்பொருள் வியாபாரியை வரவழைத்தார். வியாபாரி அண்ணாந்து பார்த்து, பாதிப் பூ போய்விட்டது, இனி இதைப் பிரித்துக் கை கையாக விற்பதுதான் வழி, வேண்டுமானால் வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தி அன்று மதியமே மேலாளர் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"பூ எதுவும் போகலை சார். எங்க வீட்ல இருக்கு."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்ல எதுக்கும்மா இருக்கு?"

"இங்க வச்சா பெருக்கிடுவாங்க."

இருக்கைகள் மாற்றுவதற்காக அரங்கத்தை மூன்று வாரம் மூடுவதாக இருந்தது. அந்த மூன்று வாரத்தைத் தனக்குக் கொடுக்கும்படி சித்தி கேட்டாள். மேலாளர் ஒரு காகிதத்தில் கோடு போட்டு எழுதினார். திறப்பு நாள் வெள்ளிக்கிழமை. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நிர்வாகக் குழு வரும். எழுபத்திரண்டு பூவும் மேலே இருந்து, ஓர் இதழும் உதிராமல் நின்றால் விளக்கு இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் இரண்டு மணிக்கு வியாபாரியின் வண்டி.

"சம்மதமா?"

"வண்டிக்காரர் நேரத்தை வீணாக்க வேணாம்னு பார்க்கறேன்" என்றாள் சித்தி. வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னடி, நான் பாட்டுக்குப் பேசிட்டேன். உங்க சித்தப்பாகிட்ட யார் சொல்றது?"

சித்தப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் ஒரு கடைவாய்ப் பல்லுக்குப் பள்ளம் செதுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "எத்தனை பூ?" என்றார். உடைந்தது இருபத்தாறு, காணாமலே போனது ஐந்து என்றேன். "முப்பத்தொண்ணா. வாயில இருக்கறதுகூட முப்பத்திரண்டுதான். ஒரு வாய் செஞ்ச மாதிரி நினைச்சுக்கலாம்" என்றார்.

விளக்கை இறக்குகிற இரும்புச் சுருளி துருப்பிடித்துக் கிடந்தது. அதனால்தான் சித்தி இத்தனை வருடமும் ஏணி போட்டே ஏறினாள். மேடைத் தச்சர் அதற்கு எண்ணெய் விட்டு, இரண்டு பல்சக்கரத்தை மாற்றி, ஒரு திங்கட்கிழமை காலை பிரெஞ்சுக்காரியை இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். அவ்வளவு கிட்டத்தில் பார்க்க அழுக்காகவும், கொஞ்சம் வெட்கப்படுகிற மாதிரியும் இருந்தது.

எட்டுக் கையில் ஒன்றுக்கு மட்டும் தங்கமே இல்லை. என்றைக்கோ யாரோ பாத்திரம் தேய்க்கிற பாலிஷைப் போட்டுத் தேய்த்து முலாமை வழித்தெடுத்துவிட்டார்கள். மீதி ஏழுக்கும் போவதற்குள் ஆள் மாறிவிட்டாரோ, பாலிஷ் தீர்ந்துவிட்டதோ, தெரியாது. அதற்கு மொட்டை என்று பெயர். மொட்டைக் கை வாசலைப் பார்த்து இருந்தது.

"மொட்டை ஒண்ணு. அங்கேர்ந்து வலமா எண்ணிக்கிட்டுப் போலாம்" என்றாள் சித்தி.

"வலமாவே வச்சுக்க" என்றார் சித்தப்பா.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சித்தி ஒரு முக்காலி மேல் நின்று, கைகளைத் தண்டோடு பிணைக்கும் திருகுகளை மேலிருந்து கழற்றினாள். கழற்றும் முன் ஒவ்வொரு கைக்கும் நூலில் எண் அட்டை கட்டினாள். பூக்களெல்லாம் அடிப்பக்கம் என்பதால் அவற்றை முதலில் எடுக்க வேண்டியவர் சித்தப்பா. உயரம் என்றால் அவருக்குத் தலை சுற்றும். ஆனால் படுப்பதற்கு ஆட்சேபம் இல்லை. ராஜா சாகிற காட்சிக்காக வைத்திருந்த பட்டு மெத்தையைத் தச்சர் கொண்டுவந்து விளக்கின் அடியில் விரித்தார். காருக்கு அடியில் மெக்கானிக் படுப்பது போலப் படுத்துக்கொண்டு, பூக்களை ஒவ்வொன்றாக உருவி, எட்டுத் தட்டில் வரிசையாக வைத்தார். தட்டுகளில் எண் போட்டதும் அவர்தான்.

"என்ன ராஜா, செத்தாச்சா?" என்று மேலிருந்து சித்தி கேட்பாள்.

"பிரெஞ்சுக்காரி தூசி மூக்குல போகுது. சாகறதுக்கு முன்னாடி தும்மிக்கறேன்."

அடுத்த இரண்டு வாரமும் வீட்டில் சாப்பாட்டு மேசை இல்லை. அதன் மேல் வெண்கலக் கைகள் கிடந்தன, நாங்கள் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். சித்தி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தாள். அதற்கு மேல் எதுவும் இல்லை. நான் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன் என்பதற்காக என்னை ஒரு மணி நேரம் பால்கனியில் நிறுத்தி வைத்தாள். இத்தனைக்கும் எனக்கு இருபத்தொன்பது வயது. கருமை விலகி உள்ளிருந்து தங்கம் வரும்போது அது மின்னவில்லை. வெயிலில் காய்ந்த வைக்கோல் மாதிரி, அடக்கமாக இருந்தது.

சித்தப்பா அடுத்த அறையில். பல்லின் நிறம் பார்க்க அவரிடம் ஓர் அட்டை உண்டு. பதினாறு பொய்ப்பல் வரிசையாகக் குத்தியிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு சாயல் வெள்ளை. ஒவ்வொரு பூவையும் ஜன்னலோரம் பிடித்து அட்டையோடு வைத்துப் பார்ப்பார். "இந்த ரோஜாவுக்கு முப்பது வயசுப் பல். அந்த நீலப்பூ புகை பிடிக்கிற ஆள்." பீங்கான் தூளைத் தண்ணீரில் குழைத்து, தூரிகை நுனியால் இதழ் இதழாகக் கட்டி, சோறு வைக்கிற குக்கர் அளவுள்ள சூளையில் சுடுவார். பழைய பூவைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். அதனால் புது இதழைத் தனியாகச் சுட்டு, பிறகு ஒட்டினார். புதிதாகச் செய்த ஒவ்வொன்றின் பின்னாலும் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார், பின்னால் வருகிறவர்கள் ஏமாறக்கூடாது என்று. இற்றுப்போன கம்பிகளை எறிந்துவிட்டு எழுபத்திரண்டுக்கும் புதுக் காம்பு போட்டார், பழைய காம்பின் தடிமனை அளந்து அளந்து.

நடுவில் பல் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஒருத்தருக்குப் பல் கேட்டா பூ இதழை அனுப்பியிருக்கியே."

"மாறிப்போச்சு டாக்டர். அவரைச் சிரிக்க வேணாம்னு சொல்லுங்க, நாளைக்கு அனுப்பிடறேன்."

திறப்பு வாரத்தின் செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் பஞ்சுப்பெட்டியில் வைத்து அரங்கத்துக்குக் கொண்டுபோனோம். முன்கூடத்தில் நீள மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டோம். கையை மேசையில் வைத்துப் பூவைப் பொருத்தி, பிறகு தண்டில் ஏற்ற வேண்டும். விளக்கு ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க எதிரெதிர்க் கைகளை ஜோடியாக ஏற்றுவது வழக்கம். ஆகவே ஒன்றும் ஐந்தும் முதலில். சித்தி ஒன்றாம் கையை நீட்ட, சித்தப்பா ஒன்றாம் தட்டை எடுத்தார். ஒன்பது காம்பும் ஒன்பது துளையில் வழுக்கிக்கொண்டு இறங்கின. ஐந்தும் அப்படியே. இரண்டையும் தண்டில் ஏற்றியதும் தச்சர் கைதட்டினார். சித்தி அன்று வீட்டுக்கு வரும் வழியில் பாடிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பாட வராது.

புதன்கிழமை காலை மூன்றும் ஏழும்.

மூன்றாம் கையில் முதல் பூ இறங்கவில்லை. ரோஜாவின் காம்பு தடித்திருந்தது, துளை ஊசித்துளை. இரண்டாவது பூ உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது. மூன்றாவது இறங்கியது, ஆனால் இதழ் விளக்குக் கிண்ணத்தில் முட்டியது. ஏழாம் கையை எடுத்தார்கள். அதுவும் அப்படித்தான். இரண்டாம் கை, நான்காம் கை, எதுவும் சரியில்லை.

"காம்பை அளந்தீங்களா?" என்றாள் சித்தி.

"எழுபத்திரண்டையும் அளந்தேன்."

"அளந்தா ஏன் இறங்கலை? ஒண்ணையும் அஞ்சையும் ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. அப்புறம் அவசரப்பட்டுட்டீங்க."

"அவசரப்பட்டேனா? மூணு பேரோட பல்லை நிறுத்தி வச்சுட்டு உக்காந்து செஞ்சேன்."

"அதான் கேக்கறேன். பல்லு செய்யற கைக்குப் பூ வராதுன்னு நான் யோசிச்சிருக்கணும்."

சொன்ன உடனே அது தப்பென்று அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது. சித்தப்பா கையிலிருந்த தட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு கையோடு தொங்கும் விளக்கையும் மேசையில் கிடக்கும் ஆறு கையையும் பார்த்தார். அவர் போகும்போது ஒரு பேனாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

தச்சர் கையில் துளைபோடும் இயந்திரத்தோடு வந்தார். "ஏணியம்மா, எதுக்கு இவ்ளோ யோசனை? துளையை ஒரு மில்லி பெருசாக்கினா எல்லாம் இறங்கிடும். ஆடறதுக்குப் பசை. மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்."

சித்தி அதை வாங்கிக்கொண்டாள். மூன்றாம் கையைத் துணியில் கிடத்தி, முனையைத் துளையில் வைத்தாள். இயந்திரத்தை ஓட்டவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "துளை போட்டா போட்டதுதான். நாளைக்கு வேணாம்னா மூட முடியாது" என்றாள். "வெள்ளிக்கிழமைன்னு ஒண்ணு இருக்கே" என்றார் தச்சர். "இருக்கு" என்றாள். இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பு வலிக்கிறது என்று போய் ராஜாவின் மெத்தையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

சித்தப்பா படிக்கட்டிலிருந்து எழுந்து வந்து, மெத்தையின் மறு ஓரத்தில் படுத்தார். கோபம் போகவில்லை. ஆனால் அவள் படுத்திருக்கும்போது அவர் தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இருவருக்கும் நேர் மேலே பிரெஞ்சுக்காரி, இரண்டு கையும், கை பொருந்துகிற ஆறு வெற்றுக் குழியுமாக.

"அந்த மூணாம் குழியைப் பாருங்க" என்றாள் சித்தி, சமாதானத்துக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று. "எவ்ளோ அழுக்கு. நான் துடைக்காம விட்டிருக்கேன்."

"சுத்தமாத்தான் இருக்கு."

"எங்க சுத்தமா இருக்கு? கண்ணாடியைப் போடுங்க."

"போட்டுத்தான் இருக்கேன். டிக்கெட் ஜன்னல் பக்கம் இருக்கறதுதானே மூணு? பளிச்சுன்னு இருக்கு."

"டிக்கெட் ஜன்னல் பக்கம் இருக்கறது ஏழுங்க. படிக்கட்டுப் பக்கம் மூணு."

"படிக்கட்டுப் பக்கம் ஏழும்மா. நான்தானே தட்டுல எண் போட்டேன்."

"நான்தானே கையில அட்டை கட்டினேன்."

பிறகு சித்தப்பா ஆள்காட்டி விரலை மேலே நீட்டினார். மொட்டையிலிருந்து மெதுவாக வலப்பக்கமாகச் சுழற்றினார். விரல் டிக்கெட் ஜன்னல் பக்கம் போயிற்று. "வலமா. நாம பேசிக்கிட்ட மாதிரி."

சித்தியும் படுத்தபடியே விரலைச் சுழற்றினாள். அவள் விரலும் டிக்கெட் ஜன்னல் பக்கம்தான் போயிற்று. அதைச் சந்தேகமாகப் பார்த்தாள். எழுந்து முக்காலி மேல் ஏறி நின்று, விளக்கைக் குனிந்து பார்த்து, மொட்டையிலிருந்து மறுபடி வலமாகச் சுழற்றினாள். விரல் படிக்கட்டுப் பக்கம் போயிற்று. இறங்கிப் படுத்தாள். ஜன்னல். எழுந்து ஏறினாள். படிக்கட்டு.

"ஏணியம்மாவுக்கு என்னாச்சு?" என்று தச்சர் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"எனக்கு வலம் இதுங்க" என்றாள் சித்தி முக்காலியிலிருந்து. "உங்களுக்கு வலம் அது. நான் மேலேர்ந்து எண்ணினேன். நீங்க கீழேர்ந்து எண்ணினீங்க."

சித்தப்பா மெத்தையில் கிடந்தபடியே விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் மொட்டை ஒன்றுதான். அதற்கு நேர் எதிரே இருப்பது ஐந்துதான். மற்றதெல்லாம் இடம் மாறும். அவளுடைய மூன்று அவருடைய ஏழு. அவளுடைய இரண்டு அவருடைய எட்டு. நான்கும் ஆறும் அதே கதை.

"அப்ப நான் தப்பு பண்ணலை" என்றார்.

"நானும் பண்ணலை."

"ரெண்டு பேரும் சரின்னா எப்படிம்மா இவ்ளோ தப்பு வந்துச்சு?"

சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இறங்கி, மேசைக்குப் போய், மூன்றாம் கையை எடுத்து ஏழாம் தட்டின் பக்கத்தில் வைத்தாள். "நீங்களே வைங்க" என்றாள். சித்தப்பா எழுந்து வந்து ரோஜாவை எடுத்தார். காம்பு துளையில் இறங்கியது, தன் செருப்பில் கால் நுழைகிற மாதிரி. அடுத்ததும் இறங்கியது. ஒன்பதும் முடிந்ததும் அவர் நிமிரவில்லை, குனிந்தபடியே, "பல்லு செய்யற கை" என்றார்.

"சொன்னதுதான். என்ன பண்ணச் சொல்றீங்க, காலில் விழவா?"

"வேணாம். உனக்கு இடுப்பு வலி. விழுந்தா நான்தான் தூக்கணும்."

தச்சர் துளைபோடும் இயந்திரத்தின் வயரைச் சுருட்டிக்கொண்டே, "அப்ப இது வேணாமா?" என்று கேட்டார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கடைசி ஜோடி ஏறியது. தச்சர் சுருளியைச் சுற்ற, சித்தி கூடவே கையை நீட்டிக்கொண்டு நின்றாள், கை எட்டாத உயரத்துக்கு விளக்கு போன பிறகும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் குழு வந்தது. ஐந்து பேர். தலைவர், ஓய்வு பெற்ற பெண் நீதிபதி. முப்பது வருடமாக இந்த முன்கூடத்தின் வழியாகத்தான் நாடகம் பார்க்கப் போகிறவர். வந்தவர் நின்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது புதுசா?"

"இல்லைங்கம்மா. இங்கேதான் இருந்துச்சு" என்றாள் சித்தி.

"எத்தனை வருஷமா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து."

நீதிபதியம்மாள் தன் கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா ஒரு தாளை நீட்டினார். எந்த ஐந்து பூ புதிது, எந்த இருபத்தாறு ஒட்டியது, எந்தக் கையில் எந்த இடம் என்று எழுதியிருந்தார். தலைப்பில் "கீழே நின்று பார்க்கையில்" என்று கோடிட்டிருந்தார். சித்தி அதை எட்டிப் பார்த்தாள்.

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "கண்டிஷன்ல இன்னொண்ணு இருக்கு. உதிரக்கூடாது." வாசல் கதவைப் படாரென்று சாத்தும்போதுதான் இதழ் விழுகிறது என்பதை அவர் பழைய புகார்களைப் படித்துக் கண்டுபிடித்திருந்தார். கதவுக்குப் போனார். அகலத் திறந்தார். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

கதவு அறைந்தது. பல்புகள் ஒரு தரம் நடுங்கின. தரையில் எதுவும் விழவில்லை. இரண்டாம் முறை சாத்தினார். எதுவும் இல்லை. மூன்றாம் முறை கொஞ்சம் வேகமாகவே இழுத்தார். ஏதோ ஒன்று 'ணங்' என்று தரையில் விழுந்தது. எல்லோரும் விளக்குக்கு அடியில் தேடினோம். மேலாளர் மட்டும் கதவருகே அப்படியே நின்றார். கைப்பிடியின் பாதி அவர் கையில் இருந்தது, மீதி காலடியில்.

"அதை ஏணியம்மாகிட்டக் கொடுத்துடுங்க, டப்பால போட்டு வைப்பாங்க" என்றார் தச்சர்.

நீதிபதியம்மாள் சிரித்துவிட்டார். மற்ற நான்கு பேரும் அவர் சிரித்த பிறகு சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார், கடைசியாக. பிறகு டிக்கெட் ஜன்னலுக்குள் போய்த் தொலைபேசியை எடுத்தார். நாங்கள் யாரும் அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு ஜன்னலின் சின்னத் துவாரம் வழியாகக் குரல் வந்தது: "ஆமாம். வேண்டாம். வண்டி வேண்டாம். இல்லை, பிறகும் வேண்டாம்."

சித்தி என் மணிக்கட்டை விட்டாள். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவள், படிக்கட்டின் கடைசிப் படியில் போய் உட்கார்ந்து, "தண்ணி கொண்டு வாடி" என்றாள்.

நான் தண்ணீரோடு வருவதற்குள் தூங்கிவிட்டிருந்தாள். தலை சித்தப்பாவின் தோளில், வாய் லேசாகத் திறந்து. அவர் செய்த பல் தெரிந்தது. நான் கிட்டே போனதும் சித்தப்பா உதட்டில் விரல் வைத்தார். தண்ணீரை அவரே குடித்தார்.

பகல் காட்சிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். படிக்கட்டில் ஒருத்தி தூங்குவதைப் பார்த்து ஒதுங்கி ஏறினார்கள். சிலர் அவள் யாரென்று திரும்பிப் பார்த்தார்கள், சிலர் விளக்கைப் பார்த்தார்கள். இருக்கை காட்டுகிற பையன் ஓடிவந்து, வழியில் இருக்கிறார்களே, எழுப்பட்டுமா என்று கேட்டான்.

"இன்னும் முதல் மணி அடிக்கலையே" என்றார் சித்தப்பா. "அது வரைக்கும் சுத்திப் போகச் சொல்லு."

"எந்தப் பக்கமா சார்?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "சுவர்ப் பக்கமா" என்றார்.